பெரியபட்டினத்திலிருந்து ஒரு கடிதமும் ஒரு ஓபிஜி படமும்

கேள்வி: டாக்டர் அக்காவுக்கு, என் மகளுக்கு 7 வயது. பால் பல் முளைக்கும்போதே தேன் கலரில்தான் முளைத்தது, இப்போது கடவாய்ப்பல் எல்லாம் தேய்ந்து ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டது. தை மாதம் பனங்கிழங்கு கடித்ததில் புதிதாக முளைத்த கீழ் முன்பல்லின் ஓரம் பேர்ந்துவிட்டது. இதுவரை 3 தடவை எலும்பு ஒடிந்திருக்கிறது. போன வருஷம் கரையில் கிடந்த வள்ளத்துக் கயிறு தடுக்கி விழுந்ததில் தொடை எலும்பு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளையை அடிப்பீர்களா என்று கேட்டார்கள். பல் டாக்டர் ஒருவர் ஓபிஜி என்று தாடை முழுக்கத் தெரிகிற எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நரம்பே தெரியவில்லை, ரூட் கேனல் ஆகாது, எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்கிறார். உப்புத் தண்ணிதான் காரணம் என்கிறார் மாமியார், சொந்தத்தில் கட்டினதால்தான் என்கிறார்கள் எங்கள் வீட்டில். கால்சியம் டானிக் 2 வருஷமாகக் கொடுக்கிறேன். படத்தை அனுப்பியிருக்கிறேன், தாடையில் இரண்டு பக்கமும் கருப்பாக இருக்கிறதே, எலும்பு இத்துப்போய்விட்டதா? இவள் தம்பிக்கு 3 வயது, அவனுக்கும் வருமா? வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர், அவருக்குக் காது மந்தம், பல்லும் வெற்றிலை போட்டுத் தேய்ந்துதான் இருக்கிறது, அவரிடம் இதையெல்லாம் பேசவும் முடியவில்லை.
— பெயர் வேண்டாம், பெரியபட்டினம்

பதில்:

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் எடுத்திருக்கிறீர்கள், தாடைக்குக் குறுக்கே ஜன்னல் கம்பி இரண்டு ஓடுகிறது. பரவாயில்லை, பார்க்க வேண்டியது தெரிகிறது. முதலில் அந்தக் கருப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நினைத்துத்தான் நீங்கள் தூங்காமல் இருப்பீர்கள். தாடையின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் பட்டையாக இறங்குகிற கருப்பு, தொண்டைக்குள் இருக்கிற காற்றின் நிழல். யாருக்கு எடுத்தாலும் விழும். மேல் பல் வேர்களுக்கு மேலே குறுக்காகத் தெரிகிற இன்னொரு கருப்பும் காற்றுதான். படம் எடுக்கும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொல்வோம், ஏழு வயசுப் பிள்ளை அந்த மிஷின் தலையைச் சுற்றி வரும்போது நாக்கை ஒட்டி வைத்துக்கொண்டா இருக்கும்? எலும்பு இத்துப்போகவில்லை.

சரி, இனி நான் கவலைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். உங்கள் மகளின் பால் கடவாய்ப்பல் ஒவ்வொன்றிலும் நடுவே கருப்பாக ஒரு அறை தெரிய வேண்டும். நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற அறை அது, அதிலிருந்து வேருக்குள் இரண்டு மூன்று கோடு இறங்கும். இவளுக்கு அந்த அறையே இல்லை, பல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். இளநுங்கின் கண்ணுக்குள் நீராக இருப்பது முற்ற முற்றக் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் அல்லவா, அதே மாதிரி, எனாமலுக்கு அடியில் பல்லின் பெரும்பகுதியாக இருக்கிற டென்டின் உள்ளே வளர்ந்து அறையை மூடிவிட்டது. எழுபது வயசுக்காரர் பல்லில் இப்படி ஓரளவு பார்ப்பேன், ஏழு வயதில் பார்க்கக் கூடாது. அப்புறம் ஆறு வயதில் முளைக்கிற பெரிய கடவாய்ப்பல்லைப் பாருங்கள், படத்தில் கீழே இரண்டு பக்கமும் முளைத்த பல்லில் கடைசியாக இருப்பது. தலை உருண்டு பருத்து, கழுத்துச் சட்டென்று ஒடுங்கி, செம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி நிற்கிறது. இந்த வடிவத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பால் பல்லின் வேர்களும் ஒல்லியாகக் குட்டையாக இருக்கின்றன. பெரிய கடவாய்ப்பல்லின் வேரைப் பற்றி மட்டும் நான் இப்போது எதுவும் சொல்ல மாட்டேன், அதற்கு வேர் முழுசாக வளரவே 9, 10 வயதாகும்.

இந்தப் பல்லுக்கு டென்டினோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று பெயர், டென்டின் சரியாக உருவாகாத பல் என்று பொருள். இது தனியாக, பல்லில் மட்டும் வருகிற குடும்பங்கள் உண்டு, அங்கே கெட்டுப்போவது வேறொரு ஜீன், எலும்பு நன்றாகவே இருக்கும். இதே பல்லோடு எலும்பும் மூன்று தடவை ஒடிந்திருக்கிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா, நம் பேச்சில் கண்ணாடி எலும்பு நோய். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று என்று சொல்லப்படுகிற நோய், அதனால் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். படத்தை வைத்தும் கடிதத்தை வைத்தும் நான் இதுதான் என்று முத்திரை குத்த முடியாது, குத்தவும் கூடாது. ஆனால் என் எதிரே உட்கார்ந்திருந்தால் இன்றைக்கே எலும்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பேன்.

பல்லுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வள்ளத்து நங்கூரக் கயிறு எப்படி? மூன்று புரியை முறுக்கி ஒன்றாக்கியது. நம் உடம்பிலும் கொலாஜன் என்ற புரதம் அப்படியே மூன்று புரி முறுக்கிய கயிறுதான், உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதன் வடிவம் அது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஒட்டுவது இந்தக் கயிற்றின் மேல்தான். ஒரு புரி தப்பாக நூற்கப்பட்டால் முறுக்கு சரியாக விழாது, அந்தக் கயிறு இழுவை தாங்காது. சிலருக்குக் கயிறு நல்ல கயிறுதான், அளவுதான் பாதி, அவர்களுக்கு நோய் லேசாக இருக்கும், பல்லும் பெரும்பாலும் தப்பித்துவிடும். கயிறே தப்பாக முறுக்கியிருந்தால் எலும்போடு பல்லும் கெடுவது அதிகம், ஏனென்றால் டென்டினும் அதே கயிற்றால் ஆனது. எனாமலில் கொலாஜன் கிடையாது, அதனால் உங்கள் மகளின் எனாமல் கிட்டத்தட்ட நல்ல எனாமல்தான். ஆனால் அது ஒட்டியிருக்கிற அடித்தளம் சரியில்லை. கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றுப் பட்ட சுவரில் வெள்ளையடித்தால் என்ன நல்ல சுண்ணாம்பாக இருந்தாலும் தகடு தகடாகப் பேர்ந்து வருமே, பனங்கிழங்கு கடித்தபோது நடந்தது அது. கிழங்கின் மேல் பழி போடாதீர்கள், அன்றைக்கு முறுக்குக் கடித்திருந்தாலும் பேர்ந்திருக்கும்.

இப்போது நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதற்கு வருகிறேன், எனக்கு அந்த வரிதான் படத்தைவிடப் பெரிசாகப் பட்டது. வீட்டுக்காரருக்குக் காது மந்தம், பல்லும் தேய்ந்திருக்கிறது. சங்கு குளிக்கிறவருக்குக் காது போவது நம் கரையில் புதிதில்லை, ஆழத்து அழுத்தம் காதைக் கெடுக்கும், அது உண்மை. வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை போடுகிறவர் பல் தேய்வதும் உண்மை. ஆனாலும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். அவர் சிறு வயதில் எங்காவது எலும்பு ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறாரா, மாமியாரிடம் கேளுங்கள், அம்மாமார் மறக்க மாட்டார்கள். பல் வெற்றிலை போட ஆரம்பித்த பிறகு தேய்ந்ததா, இல்லை சின்னதிலேயே பழுப்பாக இருந்ததா? மூன்றாவது, பகல் வெளிச்சத்தில் அவர் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள், மகளின் கண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேசான நீலமோ சாம்பலோ ஓடுகிறதா? கடலுக்குப் போய் வந்த நாளில் பார்த்துவிடாதீர்கள், குளிக்கிறவர் கண் அன்றைக்குச் சிவப்பாகத்தான் இருக்கும், இரண்டு நாள் ஓய்வில் இருக்கும்போது பாருங்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியும் அதே கொலாஜனால் ஆனது, அது மெலிந்தால் உள்ளே இருக்கிற நிறம் வெளியே தெரியும். காதுக்குள் இருக்கிற சின்ன எலும்புகளும் அப்படித்தான், இந்த நோயில் இருபது, முப்பது வயதுக்கு மேல் காது மந்தமாவது உண்டு. ஒடிகிற எலும்பு, நீலக் கண், மந்தக் காது இந்த மூன்றையும் ஒரே நோயாக 1918-லேயே இரண்டு டச்சு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள், நாம்தான் இன்னும் காதுக்கு ஒரு காரணம், பல்லுக்கு ஒரு காரணம், எலும்புக்கு ஒரு காரணம் என்று தனித்தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். கண் வெள்ளையாகவே இருந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு லேசாக இருந்து மகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கலாம், ஒரே வீட்டிலேயே ஒடிகிற கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். இதைச் சொல்வது அவர் மேல் குற்றம் சுமத்த இல்லை. அவரும் தெரிந்தா கொடுத்தார்?

சொந்தத்தில் கட்டியது பற்றி. இந்த நோயில் பெரும்பான்மை, அம்மா அப்பாவில் ஒருவரிடமிருந்து மட்டுமே வருவது, அல்லது யாரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற வகைகளும் இருக்கின்றன, ஆனால் அவை குறைவு, பெரும்பாலும் கடுமையாகவும் இருக்கும், அங்கே அம்மா அப்பா இருவருக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டில் அப்பாவுக்கே அடையாளம் இருந்தால் நீங்கள் அசலூரில் கட்டியிருந்தாலும் இதே கதைதான். அப்படிப்பட்ட வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிற வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதுக்குக் குறையும் என்றோ கூடும் என்றோ கிடையாது. தம்பிக்கு 3 வயது என்றால் பால் பல் எல்லாம் முளைத்து முடிந்திருக்கும். அவை வெள்ளையாக, முழுசாக இருந்தால் நல்ல அடையாளம்தான், ஏனென்றால் இந்தப் பல் பிரச்சினை நிலைப் பல்லைவிடப் பால் பல்லில்தான் மோசமாகத் தெரியும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அக்காவைக் காட்டுகிற அன்று தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உப்புத் தண்ணி. மாமியார் சொன்னதில் ஒரு துளி நியாயம் உண்டு. நீரில் ஃப்ளோரைடு கூடினால் பல் கறைபடும், நானே நிறையப் பார்க்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் நிலைப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக வரும், எனாமலோடு நிற்கும், எக்ஸ்ரேயில் நரம்பு அறை, வேர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரே தெருவில் ஒரே தண்ணி குடிக்கிற பத்துப் பிள்ளைக்கும் கொஞ்சமாவது இருக்கும். உங்கள் மகளுக்கு மட்டும் இப்படி என்றால் தண்ணியை விட்டுவிடலாம். கால்சியம் டானிக் கெடுதல் இல்லை, வைட்டமின் டி குறைவா என்று ரத்தத்தில் பார்த்துக் கொடுப்பது நல்லது. ஆனால் டானிக் ஊற்றி ஊற்றி இந்தக் கயிற்றை முறுக்க முடியாது. இரண்டு வருஷம் கொடுத்தும் ஒடிகிறதே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

அந்த ஆஸ்பத்திரிக் கேள்வி. சின்னப் பிள்ளைக்குத் தொடை எலும்பு ஒடிந்து வந்தால் அடித்தார்களா என்று கேட்பது டாக்டரின் கடமை, கேட்காமல் விட்ட இடத்தில் செத்துப்போன பிள்ளைகளும் உண்டு, அதனால் கேட்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டவர் அப்படியே அந்த வாயையும் திறந்து பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். தேன் நிறப் பல் ஒன்று போதும், அடுத்த கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும். நோய் உறுதியானதும் அந்த டாக்டரிடம் லெட்டர் பேடில் நான்கு வரி எழுதி வாங்குங்கள்: பிள்ளைக்கு இந்த நோய், லேசாக விழுந்தாலே ஒடியும், தூக்கும்போது இப்படி இப்படிக் கவனம் என்று. லேமினேஷன் போட்டு ஒன்று உங்கள் பையில், ஒன்று ஸ்கூல் டீச்சரிடம்.

எங்கே போவது? இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் ஆரம்பியுங்கள், எலும்புப் பிரிவுக்கும் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கும் அங்கிருந்தே அனுப்புவார்கள், தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதுவார்கள். ஓபிஜியையும் பழைய எலும்பு முறிவுப் படங்களையும் ஒன்று விடாமல் கொண்டு போங்கள், அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி கதை வந்துவிடும். ஜீன் பரிசோதனை கட்டாயம் இல்லை, ஆனால் அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறவர்களுக்கு உதவும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது, அதையும் அங்கே கேட்டுப் பாருங்கள்.

பாமிட்ரோனேட், சோலெட்ரானிக் ஆசிட் என்று மருந்துகள் இருக்கின்றன, டிரிப் மூலம் சில மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுவார்கள், எலும்பு அடர்த்தி கூடும். உங்கள் மகளுக்கு வேண்டுமா என்பதை எலும்பு டாக்டர் முடிவு செய்யட்டும். என் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று: மருந்து ஆரம்பிக்கும் முன் வாயில் சீழோ, பிடுங்க வேண்டிய பல்லோ இருந்தால் அதை முடித்துவிட வேண்டும், ஆரம்பித்த பிறகு எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் இந்த மருந்து ஏறுகிறது என்று வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்து ஏறுகிற பிள்ளைகளுக்கு நிலைப் பல் முளைப்பது கொஞ்சம் தாமதமாகலாம், பதற வேண்டாம்.

பல் டாக்டர் சொன்னதில் முன்பாதி சரி. நரம்பு தெரியவில்லை, ரூட் கேனல் ஆகாது, இரண்டும் உண்மை, உள்ளே வழியே இல்லாத பல்லில் ஊசி எங்கே போகும்? பின்பாதிதான் எனக்கு ஒப்பவில்லை. சீழ் வைக்காத பல்லை எதற்காகப் பிடுங்க வேண்டும்? பிடுங்கினால் பிள்ளைக்கு மெல்லப் பல் இருக்காது, வாய் உயரம் இன்னும் இறங்கும், நிலைப் பல்லுக்கான இடமும் சுருங்கும். கடவாய்ப்பல்லில் ஈறுக்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ஸ்டீல் கேப் போடலாம், மெல்லுகிற வேலை நிற்காது, தேய்வதும் நிற்கும். அதைவிட முக்கியம் ஆறு வயதுக் கடவாய்ப்பல். அது இனி சாகும்வரை இருக்க வேண்டிய பல், தேய்கிறதுக்கு முன்னே கேப் போட்டுவிட வேண்டும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று நிற்காதீர்கள். பேர்ந்த முன்பல்லுக்குப் பல் நிறத்திலேயே இருக்கிற காம்போசிட் வைத்து அடைக்கலாம், சில சமயம் திரும்பப் பேரும், திரும்ப வைக்கலாம். இதற்குக் குழந்தைப் பல் மருத்துவர் வேண்டும், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தொண்டி வழியாகப் போய்விடலாம். என்றைக்காவது ஒரு பல்லை எடுக்கத்தான் வேண்டும் என்றால் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து மெதுவாக எடுப்பார்கள். பிள்ளை முரண்டு பிடித்தால் கை காலை அமுக்கிப் பிடிக்க யாரையும் விடாதீர்கள், இதில் மட்டும் சண்டை போடுங்கள். இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்து வந்துவிடலாம், அமுக்கிப் பிடித்து ஒடிந்தால் ஆறு வாரம் கட்டு.

கீழ்த் தாடையின் அடி ஓரம் மெலிந்தது மாதிரி எனக்குப் பட்டது. ஆனால் போனில் எடுத்த படத்தில் எலும்பின் அடர்த்தியைப் பற்றிப் பேசுவது கரையில் நின்று கடல் ஆழம் சொல்கிற மாதிரி. எடுத்த இடத்தில் கம்ப்யூட்டர் ஃபைலாகவே கேளுங்கள், பென்டிரைவில் கொடுப்பார்கள். மேல் தாடை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, வளர வளரக் கீழ்த் தாடை முன்னே தள்ளி, கீழ்ப்பல் மேல்பல்லை முந்திக்கொண்டு நிற்கலாம், இந்த நோயில் அது அதிகம். இரண்டாவது பெரிய கடவாய்ப்பல் முளைக்க வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. அதனால் டாக்டர் சொல்கிற இடைவெளியில் இன்னொரு ஓபிஜி எடுக்க வேண்டி வரும். கதிர்வீச்சு ஆகாதே என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், ஒரு ஓபிஜியில் கிடைக்கிற அளவு நாம் சில நாளில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வாங்குகிற அளவுதான். காரணம் சொல்லாமல் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மட்டும் எதற்கு என்று கேளுங்கள்.

அவளை ஓடாதே ஆடாதே என்று மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள், அசையாத எலும்பு இன்னும் மெலியும். பிசியோதெரபி டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கடல் அமைதியாக இருக்கிற நாளில் அப்பாவோடு இடுப்பளவு தண்ணியில் நிற்கட்டும், கை கால் அடிக்கட்டும், தண்ணி உடம்பைத் தாங்கிக்கொள்ளும். பாசி பிடித்த பாறைப் பார் பக்கம் வேண்டாம், மணலாக இருக்கிற இடம் பார்த்துப் போகட்டும். வீட்டில் சாக்கு மிதியடி, கயிறு, வலை எதுவும் நடைவழியில் கிடக்க வேண்டாம். எலும்பு ஒடிந்தால் நாட்டுக் கட்டுக்காரரிடம் இழுத்து உருவ விடாதீர்கள். அப்பாவுக்குக் காது பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள், அடுத்த தடவை குளிக்கப் போகும் முன். நோயைப் பற்றிப் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், காதைப் பற்றிப் பேசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மிச்சத்தை அங்கே டாக்டர் கேட்பார்.

பனங்கிழங்கை அவள் கண் எதிரே மற்றப் பிள்ளைகள் சாப்பிட, இவளுக்கு மட்டும் கிடையாது என்று வைக்காதீர்கள். நன்றாக வேக வைத்து, நாரும் நடுத் தும்பும் உரித்து, துண்டாக்கி, தேங்காய்ப் பூவும் மிளகும் பூண்டும் வைத்து உரலில் இடித்து உருண்டையாகக் கொடுங்கள். கேப் போட்ட பிறகு அதை அவள் கடவாயிலேயே மென்று சாப்பிடலாம்.